நாலு நாட்டுக்கு ஒரு நீல ட்ரம்

அப்புறம் கமலா என்ன சொன்னாளாம்? "ஆளுக்கு ஒரு கொடம்தான், சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்றாளா? நன்றாக இருக்கிறதே கதை! காலையில் குழாய் இருமியதும் முதல் ஆளாக ஓடி, ட்ரம், அண்டா, தவலை, கடைசியில் குக்கர் வரைக்கும் ரொப்பிக்கொண்டவள் அவள். நான் ஜன்னலில்தானே நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் ஒரு கிண்ணம்கூடக் காலியில்லை என்று ஆன பிறகு, பின்னால் நிற்கிறவர்களுக்குச் சட்டம் பேசுகிறாள். மூன்றாம் வீட்டு ரோசம்மா காலில் மாவுக்கட்டோடு நிற்கிறாள். அவளுக்கும் அதே ஒரு குடமாம், அதையும் அவளே தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம். கடைசியில் தண்ணீரும் நின்றுபோயிற்று, சண்டைதான் மிச்சம். மத்தியானம் மறுபடி விடுவார்களாம், பார்ப்போம்.

நீ உட்கார் செல்வி. அந்த மேத்திக் கட்டைக் கொடு, பேசிக்கொண்டே ஆய்ந்து தருகிறேன். என் மாமியார் இந்த மராட்டிச் சீமைக்கு, பிம்ப்ரிக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் மேத்தி என்று சொல்ல மாட்டாள், வெந்தயக்கீரைதான். காய்கறிக்காரனும் அவளுக்குப் பயந்து "வெந்தயக்கீர, வெந்தயக்கீர" என்று கூவக் கற்றுக்கொண்டான். அவன் மராட்டிக்காரன். அது வேறு கதை.

திங்கட்கிழமை வாகட் கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேருகிறாயாமே. உன்னோடு சேருகிற மற்றப் பெண்களுக்கும் இதைச் சொல். பெருக்குவது, துடைப்பது, மெத்தை விரிப்பு மாற்றுவது எல்லாம் ஒரு வாரத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதைச் சொல்லித்தர நான் எதற்கு? அங்கே சமையல் வேலைக்கு, பஸ் பிடித்து வாகட்டுக்கும் வீட்டுக்குமாக நான் அலைந்ததெல்லாம் வேறு ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான். ஊர் ஊராக வந்து இறங்குகிற மனிதர்கள் ஒரே கூரையின் கீழே முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் நாம் என்ன செய்வது என்பதுதான் அது.

எனக்கு முன்னால் அந்தச் சமையலறையைப் பார்த்துக்கொண்டது ஒரு கொங்கணத்துப் பெரியம்மா. நான் சேர்ந்த புதிதில் குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு விருந்தாளி கத்தினார். உப்பு இருந்தது, செல்வி! நான் போட்ட உப்பு எனக்குத் தெரியாதா? நானும் விடாமல் பேசினேன், அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கப் டீயோடு அவர் அறைக்குப் போனாள். அவர் அதைக் குடித்து முடிக்கிறவரை ஒன்றும் சொல்லாமல் நின்றாள். திரும்பி வந்து சொன்னாள்: "கோவமா இருக்கறவங்களுக்கு மொதல்ல டீயைக் குடு. பதிலை அப்புறம் குடுக்கலாம், அது ஆறிப்போகாது." அதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். ஒரே ஒரு நாள்தான் அது எனக்குக் கைகொடுக்கவில்லை. அந்த நாள் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

போன கோடைக்கு முந்தின கோடை. நாலு நாட்டிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று கேட்டால் நீ சிரிப்பாய். ஊருக்கு ஊர் தண்ணீர் பற்றாமல் போகிறதே, உலகம் முழுக்க எல்லாரும் சேர்ந்து அதற்கு என்ன செய்யலாம் என்று பேச! கோடையில், வாகட்டில், டேங்கர் தண்ணீரில் குளித்துவிட்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள்.

எனக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. அவர்கள் பெயர்களும் என் வாயில் நுழையாது. அதனால் யாராயிருந்தாலும் செருப்பை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்வேன். ஹாலுக்கு வெளியே கழற்றிவிடுவார்கள் அல்லவா, ஒரு பார்வை பார்த்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும். ஓடம் மாதிரி இரண்டு ஷூ கிடந்தால் அமெரிக்காக்காரர். ஆள் அப்படி, நம் கதவு நிலையில் குனிந்துதான் வருவார். தக்கை வைத்த பட்டைச் செருப்பு ஜெர்மன்காரம்மாவுடையது. முனை வாசலைப் பார்க்கும்படி சேர்த்து வைத்த கறுப்பு ஷூ ஜப்பான்காரருடையது. உள்ளே வரும்போதே கிளம்பத் தயாராக வைப்பார். நாலாவது, தேய்ந்த ரப்பர் செருப்பு. அது நம் வாசுகி. சிங்கப்பூர்ப் பெண், ஆனால் தமிழ்ப் பெண். முதல் நாளே சமையலறைக்குள் வந்து, "அம்மா, தயிர் சாதம் கிடைக்குமா?" என்று கேட்டாள் பார், எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பேச்சுக்குப் பேச்சு 'லா' என்று ஒன்று சேர்ப்பாள். அது அவர்கள் ஊர் உப்பு.

வாசுகிதான் சொன்னாள். "மூணு நாளா உக்காந்து பேசறோம்மா. ஒரு வரியில நிக்குது. யாரு எவ்வளவு குறைக்கணும், எப்படிக் குறைக்கணும்னு ஒரு வரி. ஆளாளுக்கு எங்க ஊரு வழிதான் சரிங்கறாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நானும் எங்க ஊரு வழிதான் சரிங்கறேன்." சொல்லிவிட்டு ஊறுகாயை நக்கினாள்.

அது இருக்கட்டும். இப்போது தத்தூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தத்தூ அங்கே மோட்டார் போடுகிறவன், காவல், தோட்டம் எல்லாம் அவன்தான். கட்டடத்துக்குப் பின்னால் மோட்டாரை ஒட்டி ஒரே ஓர் அறை, அதில்தான் குடித்தனம். பெண்டாட்டி மங்கல் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். தலைப்பிள்ளை, ராத்திரி முழுக்க அழும். தத்தூ தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பான். பகலில் அவன் கண்ணைப் பார்த்தால் மிளகாய் அரைத்த அம்மி மாதிரி இருக்கும்.

நான் சொல்ல வந்த நாளுக்கு முந்தின நாள் அவன் மொட்டை மாடி டேங்க்கைக் கழுவினான். கழுவின தண்ணீர் வெளியே போக அடியில் ஒரு வால்வு உண்டு. அதை மூட மறந்துவிட்டான். விடிந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவன், சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். கீழே தொட்டியில் இருந்த தண்ணீர் அத்தனையும் மேலே ஏறி, மேலேயிருந்து அப்படியே சாக்கடைக்கு ஓடிவிட்டது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது ரோடு நனைந்து கிடக்கிறது. மழை பெய்ததோ என்றுகூட நினைத்தேன், பைத்தியக்காரி!

உள்ளே நுழைந்தால் ஜெர்மன்காரம்மா மாடிப்படியில் நிற்கிறாள். துவாலையைச் சுற்றிக்கொண்டு, தலை முழுக்க ஷாம்பூ நுரையோடு. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஷவர் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஜப்பான்காரர் அவளைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சுவருக்கே ஒரு கும்பிடு போட்டார். அமெரிக்காக்காரர் மட்டும் பளபளவென்று சோப்பு வாசனையோடு இறங்கி வந்து, "குட் மார்னிங்" என்றார். அவர்தான் முதலில் குளித்தவர். அரை மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிற பழக்கம். டேங்க் ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருக்க, மிச்சமிருந்ததை இவர் தலையில் ஊற்றிக்கொண்டுவிட்டார். அவருக்கென்ன தெரியும், பாவம்.

முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. அங்கே எல்லாரும் அவரை ஷேட் என்போம். வந்தார், கத்தினார். டேங்கர்க்காரனுக்குப் போன் போட்டார். கோடையில் வாகட்டுக்கு ராஜா யார்? டேங்கர்க்காரன்தான். அவன் சாயங்காலம் என்றால் சாயங்காலம். ஜார் தண்ணீர் கடையிலும் குடிக்கிற அளவுக்குத்தான் கிடைத்தது. தத்தூ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஷேட்டும் நானும் இந்தியில் பேசினோம், உனக்குத் தமிழில் சொல்கிறேன்.

"இவங்க ஓட்டலுக்குப் போனா எனக்கு இந்த ஆர்டரே போயிடும் மாவ்ஷி" என்றார் ஷேட். மாவ்ஷி என்றால் சின்னம்மா மாதிரி, நம்மையெல்லாம் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சாயங்காலம் நான் வர்றப்ப நாலு பேரும் இங்க இருக்கணும். ஒரே ஒருத்தரோட பெட்டி கேட்டைத் தாண்டினாலும் தத்தூவோட பெட்டியும் தாண்டும்."

"பச்சக் கொழந்த இருக்குது ஷேட்."

"கொழந்த இருக்கறவன் தூங்காம வேலை பாக்கணும்."

"கொழந்த இருக்கறவன் தூங்காமதான் இருக்கான். அதனாலதான் இப்பிடி ஆச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். மோசமானவர் இல்லை செல்வி, பயந்தவர். பயந்தவர்கள்தான் சத்தம் அதிகம் போடுவார்கள்.

இருந்தது என்ன என்றால், சமையலறைக்குப் பின்னால் நான் எப்போதும் நிரப்பி வைக்கிற ஒரு நீல ட்ரம். ஒரே குழாயில் ஏழு வீடு பிடிக்கிற இந்த வரிசை வீட்டுச் சாலில் வாழ்கிறவள் நான், நிரப்பி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஒரு ட்ரம்மில் நாலு பேர் குளியல், கக்கூஸ், சமையல், பாத்திரம், பிள்ளைக்காரி எல்லாம் சாயங்காலம் வரை ஓட வேண்டும்.

எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து உப்புமா கொடுத்தேன். வாசுகியை விட்டு விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். தத்தூ விஷயம் இல்லை, தண்ணீர் விஷயம் மட்டும். அவ்வளவுதான், ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊரில் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டாலே குளித்த மாதிரிதான் என்றாள் ஜெர்மன்காரம்மா, தலையில் காய்கிற நுரையோடு. பாத்திரத்தையும் ஒரு தொட்டி நுரைத் தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டால் போதுமாம். அலசவே வேண்டாமாம்! எனக்குக் குடலே புரண்டது. எங்கள் ஊரில் ஒருவர் குளித்த தண்ணீரை வீணாக்காமல் அதிலேயே துணி துவைப்போம் என்றார் ஜப்பான்காரர், மெல்ல. அட, அது பிடித்திருந்தது எனக்கு. எங்கள் ஊரில் சாக்கடைக்குப் போனதையே சுத்தம் செய்து குடிக்கிறோம் என்றாள் வாசுகி. நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"குடிக்கிறீங்களா? நீயுமா?"

"நல்லாத்தான் இருக்கும்மா. நான் எப்படி இருக்கேன், பாருங்க லா."

நான் மட்டும் சும்மா இருந்தேனா? எங்க ஊர்ல பக்கெட்டு, மக்கு, அதுதான் சரி, மொதல்ல காலு, அப்புறம் ஒடம்பு, கடைசியா தலை என்று கையை ஆட்டி ஆட்டிக் காண்பித்தேன். நாலு பேர், நாலு 'எங்க ஊர்ல'. உப்புமா ஆறிப்போயிற்று.

அப்போது அமெரிக்காக்காரர் எழுந்து நின்றார். அவர் நின்றாலே மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், உயரம் அப்படி. எல்லாருக்கும் ஒரே விதி, இன்று சாயங்காலம் வரை யாருமே குளிக்கக் கூடாது, அதுதான் நியாயம் என்றார்.

வாசுகி சிரித்துவிட்டு அவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஜெர்மன்காரம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தாள். ஜப்பான்காரர்கூடக் கோப்பைக்குள் சிரித்தார். "இன்னாடி சொன்ன?" என்று கேட்டேன்.

"'நீங்க அரை மணி நேரம் குளிச்சாச்சு, இப்ப யாரும் குளிக்கக் கூடாதுங்கறீங்க. நியாயம் நல்லாத்தான் மணக்குது, சோப்பு வாசனையோட'ன்னு சொன்னேம்மா."

சரியான பேச்சுத்தான். ஆனால் சரியான பேச்சு எல்லா நேரத்திலும் வேலைக்கு ஆகாது, இதை ஞாபகம் வைத்துக்கொள் செல்வி. அந்தப் பெரிய மனிதரின் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோயிற்று. விறுவிறுவென்று மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் படியில் டக், டக் என்று சத்தம். பெட்டியை இறக்குகிறார். ஓட்டலுக்குப் போகிறாராம். போனில் வண்டியும் சொல்லியாயிற்றாம்.

 பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் அறை வாசலில் மங்கல். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஷேட் கத்தினதும் பெட்டி இறங்குகிற சத்தமும் அவளுக்கும் கேட்டிருக்கும். தூளி கட்டியிருந்த சேலையை அவிழ்த்து, அதிலேயே துணிகளைப் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் கிடக்கிறது.

பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்தது. டீ! இருந்த குடிதண்ணீரில் இஞ்சி தட்டிப் போட்டு ஓடிப்போய் நீட்டினேன். அவர் நல்ல மனிதர், நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். டீ குடிக்கிற பழக்கமே இல்லையாம். டீ குடிக்காதவனுக்கு என்ன செய்வது என்று பெரியம்மா சொல்லிக்கொடுக்கவே இல்லையே!

என்ன செய்யலாம், சொல். அழலாம். காலில் விழலாம். பச்சைப் பிள்ளையைக் காட்டிக் கெஞ்சலாம். எனக்கு அது பிடிக்கவில்லை செல்வி. நாம் கெஞ்சினால் அவர்கள் இருந்துவிட்டுப் போவார்கள், ஆனால் சாயங்காலம் வரை உர்ரென்று உட்கார்ந்திருப்பார்கள். ஷேட் வந்து அந்த முகத்தைப் பார்த்தாலே போதும். அதோடு அந்த மனிதரும் அவமானப்பட்டு நிற்கிறார். அவமானப்பட்டவனிடம் உதவி கேட்டால் எரிச்சல் வரும். வேலை கொடுத்தால்? அவர் தோளைப் பார்த்தேன். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி.

டீயைக் கீழே வைத்தேன். ட்ரம்மிலிருந்து இரண்டு வாளி மொண்டு அவர் முன்னால் வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் செலவு செய்தேன்: "சார். யூ பிக். மீ சிக்ஸ்டி. ப்ளீஸ் கம்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டி வரவில்லை, சும்மாதான் நிற்கிறார். வயசான பொம்பளை வாளியோடு நிற்கும்போது யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? எந்த ஊராக இருந்தால் என்ன? பெட்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு இரண்டு வாளியையும் பூ மாதிரி தூக்கினார்.

முதல் வாளி எங்கே போக வேண்டும்? பிள்ளைக்காரிக்குத்தானே, அவளுக்குத்தான் துணி அலச வேண்டியது மலை மாதிரி. அதனால் அங்கே கூட்டிப்போனேன். வேண்டுமென்றேதானே கூட்டிப்போனாய் என்று கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

மனிதர் குனிந்து மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மங்கல் மூட்டையின் முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார். மேலே தூளி தொங்கின வெறும் கயிற்றைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். பின்னாலேயே வந்த வாசுகியிடம் ஏதோ கேட்டார்.

"இவங்க எங்க கிளம்பறாங்கன்னு கேக்கறாரும்மா."

கேட்டுவிட்டார். கேட்ட பிறகு மறைப்பது பொய். வாசுகியிடம் நடந்ததைச் சொன்னேன், அவள் அவருக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலும் இறங்கிவிட்டது. அவருக்கும் சொன்னவளுக்கும் ஒரே நேரத்தில்தானே தெரிகிறது.

அவர் முற்றத்துக்கு வந்து தன் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். பெட்டி கிறீச்சென்றது.

"என் பெட்டியும் அவங்க மூட்டையும் ஒரே கயித்துலயா கட்டியிருக்குன்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்லு."

 வாசல் பக்கம் வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் எழுந்து போய் அவனிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். ஷூவைக் கழற்றி ஹால் வாசலில் போட்டார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். முருங்கைக்கட்டை மாதிரி வெள்ளைக் கால்! அப்புறம் வாசுகியிடம் சொன்னார், அவள் என்னிடம் சொன்னாள்: "என் பங்கை நான் காலையிலயே எடுத்துக்கிட்டேன். எனக்கு உள்ளது அந்த அம்மாவுக்குப் போகட்டும். மத்தவங்களுக்கு நான் தூக்கறேன், எத்தனை மாடின்னாலும் சரி."

வாசுகி அவரிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். மன்னிப்பாக இருக்கும். அவர் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

எனக்கும் அப்போதுதான் புத்தி வந்தது. காலையிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் எப்படிக் குளிப்பது என்று அடித்துக்கொண்டோமே தவிர, எவ்வளவு என்று யாருமே சொல்லவில்லை. "வாசுகி, சொல்லு. ஆளுக்கு ஒரு பக்கெட்டு. அதை தலையில ஊத்திக்குவாங்களோ, தொடைச்சிக்குவாங்களோ, முன்னால வச்சிப் பூசை பண்ணுவாங்களோ, அது அவங்க பாடு. நான் வாசல்ல நின்னு காலு மொதல்ல, தலை மொதல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே வேடிக்கையை! ஜெர்மன்காரம்மா அரை வாளியில் அந்த நுரையை அலசிவிட்டாள், எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜப்பான்காரர் துணி துவைக்கிற குட்டி முக்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குளித்து, அந்தத் தண்ணீரிலேயே காலுறை துவைத்து, வாளியில் மிச்சம் வைத்திருந்த நல்ல தண்ணீரை இரண்டு கையாலும் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டேன். வாசுகி எல்லார் அழுக்குத் தண்ணீரையும் ஒரு டப்பில் சேர்த்துக் கக்கூஸுக்கு வைத்தாள். "குடிக்கச் சொல்லலை, பயப்படாதீங்கம்மா" என்று கண்ணடித்தாள். அமெரிக்காக்காரருக்கு வாளியும் படியும்தான். ஏறுகிறார், இறங்குகிறார், சட்டை ஊறிப்போயிற்று, காலையில் மணந்த சோப்பெல்லாம் போயே போய்விட்டது. ஆனாலும் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

பாத்திரத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நுரையோடு துடைத்த தட்டில் நான் சாப்பிட மாட்டேன், செத்தாலும் மாட்டேன். ஜெர்மன்காரம்மாவும் விட மாட்டேன் என்றாள். இரண்டு பேரும் ஸிங்க் முன்னால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் தத்தூவைக் கடைக்கு அனுப்பி இலை தைத்த தட்டு வாங்கிவரச் சொன்னேன். இங்கே கல்யாணத்துக்கெல்லாம் போடுவார்களே, அது. சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட்டால் எருமை தின்றுவிட்டுப் போகிறது. அவள் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். அப்புறம் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். சமைத்த பாத்திரத்தை மட்டும் அவள் வழியில் கழுவ விட்டேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரே ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றி அலசினேன். ஒன்றே ஒன்றுதான்!

சாயங்காலம் ஷேட் வண்டி வந்தது.  தத்தூ கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டான், உள்ளே வரவில்லை. ஷேட் படியேறி ஹால் வாசலில் நின்றார். என் பழக்கம் அவருக்கும் தெரியும். கீழே பார்த்தார். ஓடம் ஒரு ஜோடி, தக்கைச் செருப்பு ஒரு ஜோடி, வாசலைப் பார்த்த கறுப்பு ஷூ, தேய்ந்த ரப்பர். உள்ளே நாலு பேரும் தரையில் சம்மணம் போட்டு இலைத்தட்டில் சோறும் ரசமும். அமெரிக்காக்காரருக்குச் சம்மணம் வராது, சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். அந்தக் கால்கள் மேல் பிள்ளை படுத்துத் தூங்குகிறது. மங்கல் சாப்பிடுகிறவரைக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

"எல்லாம் சௌகரியமா?" என்று ஷேட் இங்கிலீஷில் கேட்டார். அவர் முகம் பயத்தில் வெளுத்திருந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எதற்கும் முந்தாத ஜப்பான்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, இந்தியில், "பஹுத் அச்சா" என்றார், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். மற்ற மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, "பஹுத் அச்சா!"

பிள்ளை விழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. ஷேட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பி, கேட்டைப் பார்த்துக் கத்தினார்: "தத்தூ! அங்க இன்னா கம்பம் மாதிரி நிக்கற? டேங்கர் வர்ற நேரம், போய் மொதல்ல அந்த வால்வை மூடு!"

அதற்கு என்ன அர்த்தம் என்று தத்தூவுக்குத் தெரிந்துவிட்டது. ஓடினான் பார், செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். மங்கல் சாப்பிட்ட கையோடு எழுந்து போய் மூட்டையை அவிழ்த்தாள். சேலையை உதறிக் கயிற்றில் மறுபடி தூளி கட்டினாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் ரசத்துக்கு உப்புப் பார்க்கப் போய்விட்டேன், இல்லையென்றால் அழுதிருப்பேன்.

மறுநாள் காலை வாசுகி சமையலறைக்கு வந்தாள். "அம்மா, மூணு நாளா முடியாத வரி நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் முடிஞ்சிருச்சு. அளவை எல்லாரும் சேந்து வைக்கணும், வழி அவங்கவங்களோடது."

"ஏற்கெனவே குளிச்சவங்க மத்தவங்களுக்குத் தூக்கணும்னு போட்டீங்களா?"

அவள் சிரித்தாள். "அதை மட்டும் இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

பேசட்டும், பேசட்டும். அவர்களுக்கு மூன்று மாடிதான், உலகத்துக்கு எத்தனை மாடியோ. ஒரு ஊர் மொத்தத்தையும் வாளி தூக்கவைக்க நேரம் ஆகும்தான். பேசுகிற இடத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்கவைக்க வேண்டும், அதுவும்...

ஐயோ, குழாய் இருமுகிறது பார்! எழுந்திரு, எழுந்திரு, மேத்தியை அப்படியே போடு. நீ அந்தக் குடத்தை எடு. இரு, முதலில் ரோசம்மா வீட்டுக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வை. அப்படியே கமலாவுக்கு ஒரு குரல் கொடு. அவள் வீட்டில்தான் குக்கர் வரைக்கும் நிரம்பியிருக்கிறதே, கை சும்மாதானே இருக்கும். ஒன்றும் பேசாதே, சட்டம் கிட்டம் எடுக்காதே. நிறைந்த குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு ரோசம்மா வீட்டு வாசலைக் காட்டு, போதும். நகரு, நகரு, என் அண்டா எங்கே?